மருதமலை அடிவாரத்துப் பல்கலைக்கழகமும் மண்ணில் உழைத்தோரும்

கொங்கு நாட்டிற்கெனத் தனியானதொரு பல்கலைக்கழகம் தோன்றியது 1982ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் தாராபுரம் வட்டாரத்து மாணவர் ஒருவர் உடுமலைப்பேட்டை அரசு கலைக் கல்லூரியில் பயின்றிருப்பினும், திருப்பூர்ச் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியில் பயின்றிருப்பினும், கோவையிலேயே பயின்றிருப்பினும், அவருக்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகமே. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சேப்பாக்கத்திற்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் இரவு இரயிலேற வேண்டும். காட்டு வேலை செய்து மகனைப் படிக்கவைத்த குடும்பத்திற்கு அந்தப் பயணம் பல நாட் கூலியை விழுங்கிவிடும்.

ஆகவே, மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தபோது நம் மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. மகிழ்ச்சிக்குரிய அவ்வரலாற்றுக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகத்தின் நிலம் எவ்வாறு வந்தது, அந்நிலத்தை நம்பியிருந்தோர் யார் யார், வளாகமும் நகரமும் ஒன்றையொன்று நெருங்கிய பின்னர் யாருடைய கவலைகள் காதில் விழுந்தன என்பவற்றை இயன்ற அளவு ஈண்டு நோக்குவோம்.

சேப்பாக்கத்திலிருந்து மருதமலைக்கு

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஆங்கில அரசு பல்கலைக்கழகங்களை நிறுவியபோது, அவற்றுக்கு நிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி அமைந்த அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தொடங்கின. பாடம் நடத்தியவை கல்லூரிகள். சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை எழுப்பிய செனட் மண்டபம் ஒன்றே நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகமாக விளங்கியது. பிற்காலத்தில் பல்கலைக்கழகமே ஆராய்ச்சித் துறைகளை ஏற்று நடத்தத் தொடங்கியபோது, சேப்பாக்கத்தில் இடம் போதவில்லை. ஒருபுறம் கடற்கரை, மறுபுறம் அரசு அலுவலகங்கள். எனவே அது மெரினா, கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு என்று துண்டு துண்டாகப் பிரிந்து வளர்ந்தது. நகரத்தின் நடுவில் பிறந்த கல்வி நிலையம் நகரத்திடமே இடம் கேட்டு நின்ற கதை அது.

இந்த அனுபவம் பின்வந்த திட்டக்காரர்களுக்கு ஒரு பாடமாயிற்று. விடுதலைக்குப் பின் தோன்றிய பெரிய கல்வி நிலையங்களுக்கு ஊருக்கு வெளியே பரந்த நிலம் ஒதுக்குவது வழக்கமாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் கிண்டிக் காட்டில் 600 ஏக்கருக்கு மேல் பெற்றது. 1969இல் தோன்றிய தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திற்கு ஏறத்தாழ 1,000 ஏக்கர். 1974இல் தோன்றிய ஐதராபாத் பல்கலைக்கழகத்திற்கு 2,300 ஏக்கருக்கும் மேல். நூறாண்டு வளர்ச்சிக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பது என்பதே அக்காலத்து எண்ணம்.

கோவையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் ஒன்று முன்னரே இயங்கிவந்தது. பாரதியின் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். முதலமைச்சராயிருந்த காலத்தில், அம்மையத்தையே கருவாகக் கொண்டு 1982 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதே காலத்தில் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் எழுந்தது. அப்போது நம் தாராபுரம் பெரியார் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அம்மாவட்டம் பின்னர் ஈரோடு என்று பெயர் மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது நாம் அதனுட் சேர்க்கப்பட்டோம். மாவட்டம் மாறினாலும் பல்கலைக்கழகம் மாறவில்லை.

கோவை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது 1981இல். ஓராண்டு இடைவெளியில் பிறந்த மாநகரும் பல்கலைக்கழகமும் ஏறத்தாழச் சமவயதினர் எனலாம். ஆயினும் அந்நாளில் இரண்டுக்குமிடையே தோட்டங்களும் மேட்டுக்காடுகளும் பரந்து கிடந்தன. நகரின் மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் மேற்கே உள்ள ஓரிடத்தை நகரத்தோடு சேர்த்து எண்ணிப் பார்த்தவர் சிலரே.

எண்ணிப் பார்த்திருக்கலாம். ஏனெனில் கோவையிலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டபோது, அதன் பண்ணை நிலங்கள் ஊரின் மேற்கு விளிம்பில் இருந்தன. 1971இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது நகரம் அதனைச் சூழ்ந்துவிட்டது. இன்று லாலி சாலையில் நின்று பார்ப்பவருக்கு, அந்நெல் வயல்கள் ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே இருந்தன என்று சொன்னால் நம்ப இயலாது.

யாருடைய நிலம், யாருடைய உழைப்பு

இனி நிலத்திற்கு வருவோம். அக்காலத்தில் பொதுக் காரியத்திற்கு நிலம் எடுக்கும் சட்டம் 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டமே. நான்காம் பிரிவின்கீழ் அறிவிப்பு. ஆறாம் பிரிவின்கீழ் உறுதிமொழி. பின்னர் அதிகாரி விலை நிர்ணயம் செய்து தீர்ப்பாணை வழங்குவார். அறிவிப்பு வெளியான நாளின் சந்தை மதிப்பே விலைக்கு அடிப்படை. கட்டாயமாக எடுப்பதற்காக அதன்மேல் ஓர் ஆறுதல் தொகை. தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினைந்து, 1984ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நூற்றுக்கு முப்பது. தொகை போதாதென்று கருதும் நிலவுடைமையாளர் பதினெட்டாம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தை நாடலாம்.

மருதமலை அடிவாரத்தில் நிலம் கொடுத்தவர்களும் நீதிமன்றத்தை நாடினர். கூடுதல் இழப்பீடு கோரிய அவர்களுடைய வழக்குகளும் முறையீடுகளும் பல பத்தாண்டுகள் நீண்டன. நிலம் கொடுத்தவர் மறைந்து, மகன் வழக்கை நடத்தி, பேரனும் படியேறும் நிலை பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. அவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள். அவர்களுடைய குறை நியாயமானது. அதனை மறுப்பதோ குறைத்துச் சொல்வதோ நம் நோக்கமன்று.

ஆனால் அந்த வழக்குகளில் ஒரு சாரார் வாதியாகவும் இல்லை, சாட்சியாகவும் இல்லை. அவர்கள் அந்நிலங்களில் வேலை செய்தவர்கள்.

கொங்கு நாட்டுப் பண்ணையத்தை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டம் உடையவர் ஒருவர். அதில் உழைக்கும் குடும்பங்கள் சில. அவர்களிற் பெரும்பாலோர் அருந்ததியரும் பிற தாழ்த்தப்பட்ட வகுப்பினருமே. மின்சார இயந்திரங்கள் பரவுவதற்கு முன் கிணற்றில் கவலை பூட்டி நீரிறைத்தவர்கள் அவர்கள். கவலைக்கு வேண்டிய தோற்பறியைத் தைத்துக் கொடுத்து, களத்தில் தானியமாகக் கூலி வாங்கியவர்கள் அவர்கள். சோளம் அறுக்கவும், பருத்தி எடுக்கவும், கடலைக்காய் பிடுங்கவும் அவர்கள் கைகளே வேண்டியிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டத்தில் உழைத்திருப்பினும் அவர்கள் பெயரில் பட்டா இராது. சிட்டாவிலோ அடங்கலிலோ அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது.

1894ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டில் உரிமை கோரக்கூடியவரையே நிலத்தில் தொடர்புடையவராக ஏற்றது. கூலிக்கு உழைத்தவர் அச்சொற்றொடருக்குள் வரவில்லை. ஆகவே ஒரு தோட்டம் எடுக்கப்பட்டபோது, உடையவருக்குக் குறைவாகவேனும் ஒரு தொகை கிடைத்தது. உழைத்தவருக்கு மறுநாள் முதல் வேலை இல்லாமற் போனதே கிடைத்தது. உடையவரின் நட்டம் நீதிமன்றப் பதிவேடுகளில் ஏறி நிற்கிறது. உழைத்தவரின் நட்டத்திற்கு எழுத்தே இல்லை. எத்தனை குடும்பங்கள், எங்கே போயின, நகரத்துக் கட்டட வேலைக்கா, நூற்பாலைக்கா, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கா என்று கணக்கெடுக்க வேண்டிய கடமையை அன்றைய சட்டம் யாருக்கும் விதிக்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டுமனை வழங்குவதற்கென்றே நிலமெடுக்க நம் மாநிலம் 1978இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றியது. மூன்று சென்டு மனை பெற்றுத் தர ஒரு சட்டம் வேண்டியிருந்த அதே காலத்தில், அதே மக்களின் வேலைக்களம் பெரும் பரப்பில் போவதைக் கேட்க ஒரு விதிகூட இல்லை. சட்டமியற்றியவர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் கூறவரவில்லை. உழைப்பை ஓர் உரிமையாகக் காணும் கண் அன்று சட்டத்திற்கு இல்லை.

அந்தக் கண் திறக்க 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய நிலமெடுப்புச் சட்டம், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், வாரம் பயிரிடுவோர், கைவினைஞர் ஆகியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று ஏற்றது. நிலம் எடுப்பதற்கு முன் மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதுவே முதன்மையான பிழைப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மருதமலை அடிவாரத்தில் உழைத்தவர்களுக்கு அச்சட்டம் முப்பதாண்டு பிந்தி வந்தது.

நகரம் நெருங்கியபோது

2011இல் கோவை மாநகராட்சியின் எல்லை விரிந்தது. ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 257 ஆயிற்று, வார்டுகள் நூறாயின, வடவள்ளியும் மாநகருக்குள் வந்தது. இடையிலிருந்த தோட்டங்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, நகரம் பல்கலைக்கழக வாயிலுக்கே வந்து சேர்ந்தது. மருதமலைச் சாலையில் அரசு சட்டக் கல்லூரியும், 2007இல் தொடங்கிய அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்ச்சியான மண்டல வளாகமும் அமைந்துள்ளன. கல்வி நிலையங்களை ஒட்டி விடுதிகள், உணவகங்கள், அடுக்குமாடிகள் எழுந்தன. கிருத்திகை, தைப்பூச நாட்களில் மருதமலைக்குச் செல்லும் பக்தர் கூட்டமும் அதே சாலையில்தான்.

ஆதலின் நகரத்தார்க்குக் கவலைகள் எழுந்தன. சாலை நெரிசல் ஒன்று, குடிநீர் மற்றொன்று, காடு மூன்றாவது. பல்கலைக்கழகத்தின் மேற்கெல்லை மலைக்காட்டை ஒட்டியது. யானைகள் வளாகத்திற்குள் வருவதும், விடுதி மாணவர்கள் இரவில் வெளிச்செல்ல வேண்டாமென எச்சரிக்கப்படுவதும் அங்கே புதுமையல்ல. யானை ஊருக்குள் வந்தது என்று நாம் சொல்கிறோம். ஊர் எங்கே போய் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் நோயுற்று வீழ்ந்து இறந்த பெண் யானையின் வயிற்றில் கருவோடு பிளாஸ்டிக் கழிவும் இருந்தது. அக்கழிவு நகரமும் மலையடிவாரமும் கொட்டியது.

இக்கவலைகள் யாவும் மெய்யானவை. ஆயினும் அவற்றைப் பேசுவோர் யார் என்று கவனித்தால், வீட்டுடைமையாளர் சங்கத்தார், நிலம் கொடுத்தோர், சுற்றுச்சூழல் ஆர்வலர் ஆகியோரே முன்னிற்கின்றனர். வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவோர், தோட்ட வேலை செய்வோர், விடுதிச் சமையற்கூடத்தில் உழைப்போர் ஆகியோருக்கும் அவ்வளாகத்தின் எதிர்காலத்தில் பங்குண்டு. சுற்றுவட்டார ஊர்களின் காலனிகளிலிருந்து வருவோரும் அவர்களில் உண்டு. ஒப்பந்தக்காரர் வழியாக வரும் வேலைக்கு நீண்டகாலத் திட்டத்தில் என்ன இடம் என்று கேட்க ஒரு மேடை வேண்டும்.

ஐதராபாத்தில் நிகழ்ந்தது

நிலம் கையிலிருந்தும் பத்திரம் கையில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஐதராபாத் சான்று. 1974 அக்டோபர் 2ஆம் நாள் சரோஜினி நாயுடுவின் இல்லமான கோல்டன் திரெஷோல்டில் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்திற்குக் கச்சிபௌலியில் மாநில அரசு நிலம் ஒதுக்கியது. முறைப்படி உரிமை மாற்றித் தரவில்லை. நகரம் நெருங்கி, கணினிக் கம்பெனிகள் எழுந்து, நிலத்தின் விலை ஏறியதும், விளையாட்டரங்கம், வேறு கல்வி நிலையங்கள் என்று துண்டு துண்டாக நிலம் பிரிந்தது. 2004இல் ஒரு தனியார் விளையாட்டு நிறுவனத்திற்கென 534 ஏக்கர் எடுக்கப்பட்டு, மாற்றாகக் கோபன்பள்ளியில் 397 ஏக்கர் தரப்பட்டது. அந்த ஒதுக்கீடு 2006இல் நீக்கப்பட்டும் வழக்கு 2024 வரை ஓடியது. தனக்கே உரியதென்று அரசு வென்றெடுத்த அந்நிலத்தில் 400 ஏக்கரை ஏலத்திற்குக் கொணர முனைந்து, 2025 மார்ச் இறுதியில் மண்வாரி இயந்திரங்களைக் காஞ்ச கச்சிபௌலிக் காட்டிற்குள் செலுத்தியது. மாணவர் எதிர்த்தனர், ஏப்ரல் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்திவைத்தது.

அதே வளாகத்தைப் பற்றி நம் மக்கள் மறக்கவியலாத இன்னொரு செய்தியும் உண்டு. 2016 ஜனவரியில், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆராய்ச்சி மாணவர்கள் வளாகத்தின் நடுவே திறந்தவெளியில் கூடாரமிட்டுத் தங்கி, அதற்கு வெலிவாடா என்று பெயரிட்டனர். தெலுங்கில் சேரியைக் குறிக்கும் சொல் அது. அவர்களுள் ஒருவரான ரோகித் வேமுலா அம்மாதம் 17ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்துணை பரந்த நிலம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் படுக்க ஓர் அறை இல்லாமற் போயிற்று. நிலத்தின் பரப்பைக் கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் இடவசதியை அளக்கவியலாது.

அண்ணல் பயின்ற பல்கலைக்கழகம்

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். லிவிங்ஸ்டன் விடுதியில் நாவல் பதேனா என்னும் பார்சி நண்பரோடு தங்கிப் பயின்றார். தீண்டாமை இல்லாத ஒரு கூரையின்கீழ் அவர் தங்கிய தொடக்க இடங்களுள் அவ்விடுதி ஒன்று. அப்பல்கலைக்கழகம் நகரத்தின் நடுவிலிருந்து மார்னிங்சைடு மேட்டுக்கு இடம் மாறியது 1897இல். மேட்டின்கீழே இருப்பது ஹார்லெம். கருப்பின மக்கள் பெருமளவில் வாழும் பகுதி.

1968இல் அப்பல்கலைக்கழகம் இரண்டுக்கும் இடையிலிருந்த பொதுப் பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. மாணவர்க்கு மேலே ஒரு வாயில். ஹார்லெம் மக்களுக்குக் கீழே ஒரு வாயில். அவர்களுக்கு உள்ளே கிடைப்பதோ ஒரு சிறு பகுதி. இரட்டை வாயிலின் பொருள் நமக்கு விளக்காமலே விளங்கும். இரட்டைக் குவளையைக் கண்டவர்கள் அல்லவா நாம்? அவ்வாண்டு ஏப்ரலில் மாணவரும் ஹார்லெம் மக்களும் சேர்ந்து எழுந்தனர். திட்டம் கைவிடப்பட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 2003இல், அப்பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கரில் புதிய வளாகம் எழுப்பும் நெடுங்காலத் திட்டத்தை அறிவித்தது. இம்முறையும் எதிர்ப்பு எழுந்தது. விற்க மறுத்தோரின் இடங்களை அரசு கட்டாயமாக எடுக்கலாமா என்ற வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2010இல் பல்கலைக்கழகத்திற்குச் சார்பாக முடிந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 2009இல் அப்பகுதி மக்களின் பிரதிநிதிகளோடு பல்கலைக்கழகம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீட்டுவசதி, வேலை, கல்வி ஆகியவற்றுக்கென 15 கோடி டாலர் மதிப்புள்ள நன்மைகளைத் தருவதாக எழுத்தில் ஏற்றது. அத்தொகை போதாதென்றும், பேச்சுக்கு வந்த பிரதிநிதிகள் எல்லோருக்கும் பிரதிநிதிகள் அல்லரென்றும் குறை கூறியோர் உண்டு. அக்குறைகள் இருக்கட்டும். நிலமுடையாரோடு மட்டும் முடிந்துவிடாமல், வாடகைக்கு வாழ்ந்தோரையும் வேலை தேடியோரையும் கணக்கிற் கொண்டு எழுதப்பட்ட ஒரு தாள் அங்கே இருக்கிறது. இங்கே இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

பல்கலைக்கழகம் வளர வேண்டாமென்று நம் சமுதாயம் ஒருபோதும் சொல்லாது. தாராபுரத்திற்கும் மருதமலைக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. குண்டடத்திலிருந்தோ மூலனூரிலிருந்தோ வரும் மாணவி கோவை வந்திறங்கி, காந்திபுரம் சேர்ந்து, 70ஆம் எண் பேருந்து பிடித்து வாயிலை அடைவதற்குள் அரைநாள் போய்விடும். நாள்தோறும் சென்றுவருவது இயலாது. 1944 முதல் நடைமுறையிலுள்ள மெட்ரிக்கிற்குப் பிந்திய உதவித்தொகையும், 2009இல் சட்டமான அருந்ததியர் உள் ஒதுக்கீடும் அவளை வாயில்வரை கொண்டுசெல்லும். வாயிலுக்குள் அவளுக்கு ஓர் அறை இருந்தால்தான் படிப்பு. அறை இல்லையெனில், வேன் வந்து வாசலில் ஏற்றிச் செல்லும் பனியன் கம்பெனி வேலை காத்திருக்கிறது. அதையும் இழிவென்று சொல்லமாட்டேன், வீட்டில் அடுப்பெரிய அதுவே பல குடும்பங்களுக்குத் துணை. ஆனால் அவள் தேர்ந்தெடுத்ததாக அது இராது.

எனவே வளாகத்தின் நெடுங்காலத் திட்டம் எதுவாயினும், அதன் முதற்பக்கத்தில் பெண்கள் விடுதியும், ஆதிதிராவிடர் மாணவர்க்கான கூடுதல் இடமும் இருத்தல் வேண்டும். காட்டை ஒட்டிய மேற்குப் பகுதியில் மேலும் கட்டாமல், ஏற்கெனவே கட்டிய பகுதிக்குள்ளேயே மாடி ஏற்றிக் கட்டினால் யானைக்கும் வழி கிடைக்கும், மாணவிக்கும் அறை கிடைக்கும். நகரத்தார் கவலையில் பாதியும் தீரும். நிலம் கொடுத்தோர்க்கு நீதிமன்றம் வழங்கிய தொகை நிலுவையின்றிச் சேர வேண்டும். உழைத்தோர் வழிவந்த குடும்பங்களுக்கு வளாக வேலைகளில் முன்னுரிமை தரலாம். அதற்குத் தடையாக எச்சட்டமும் இல்லையென்றே எண்ணுகிறேன், அதனை ஆராய்ந்து சொல்ல நம்மிடையே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தாராபுரம் பகுதியிலும் சாலைக்கும், மின்பாதைக்கும், தொழிற்பேட்டைக்கும் நாளை நிலம் எடுக்கப்படலாம். அப்போது மூன்றாண்டு உழைத்தோம் என்பதற்கு அதிகாரி சான்று கேட்பார். தோட்ட வேலைக்கு யாரும் சம்பளச் சீட்டுத் தருவதில்லை. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, 2008 முதல் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் வழங்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் தொழில் என்று எழுதப்பட்ட வரி ஆகியவையே நம் பட்டா. ஊரூராகச் சென்று இவற்றைத் திரட்டி, படியெடுத்து, குடும்பவாரியாக ஒரு பதிவேட்டில் ஏற்றும் பணியை இவ்வெள்ளிவிழா ஆண்டிலேயே நம் கல்விச் சங்க இளைஞர்கள் தொடங்கலாம். முதலில் குண்டடம் ஒன்றியம், பின்னர் மூலனூர்.